தம்பி எழுதிய பக்கம்

இண்டைக்குக் காலையில செங்கலடி பஸ்ஸில என்ட மடியில ஒரு நினைவு மலர். செத்த ஒராளிட முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்க முந்தி பிழை பார்க்கக் கொண்டு போனன்.

அட்டைப் படத்தைப் பார்த்திட்டுப் பக்கத்துச் சீற் அக்கா கேட்டா: "ஆரு தங்கச்சி மோசம் போனது?"

"தெரிஞ்ச ஆக்கள்" எண்டு சமாளிச்சன்.

உடனே அவ தன்ட பைக்குள்ள இருந்து ஒரு மலரை எடுத்தா. அவட அம்மாட மலர். ஒரு பக்கம் மடிச்சுக் கிடந்தது.

"கனடாவில இருக்கிற தம்பி எழுதினது. ஏழு வருசமா நாங்க ரெண்டு பேரும் கதைக்கல்ல. 'அம்மாவுக்குப் பிறகு அக்காதான் என்ட அம்மா' எண்டு போட்டிருக்கான், பாருங்க. அடுத்த கிழமை வாறான். இதை அவன்ட வாயால ஒருக்காச் சொல்லச் சொல்லிக் கேக்கணும்."

அது நான் எழுதினது.

தம்பிக்காரன் எனக்கு அனுப்பினது ஒரு வொய்ஸ் மெசேஜ்தான்: "நல்லா ஏதும் போட்டு விடுங்க." அக்காவைப் பத்தி ஒரு சொல்லும் இல்ல. அதே வரியை வேற மூணு மலரிலயும் போட்டிருக்கன்.

தொடக்கத்தில மேடைப் பேச்சு, கடை விளம்பரம் எல்லாம் மற்ற ஆக்களுக்காக எழுதினன். பிறகு நினைவு மலர் எழுதுறதை மட்டும் பிடிச்சுக்கொண்டது, செத்த வீட்டில ஆரும் திருத்தம் கேக்கமாட்டாங்க எண்டுதான்.

"நல்லா எழுதியிருக்கார்" எண்டன். இறங்கும் வரைக்கும் அவட முகத்தைப் பார்க்கல்ல.

என்னட்ட எழுதுவிச்ச தம்பிமாரே, இதை ஆரார் பார்க்கிறீங்களோ தெரியா. ஊருக்கு வாறதுக்கு முதல் உங்கட பக்கத்தை ஒருக்கா வாசிச்சிட்டு வாங்க.

அக்கா கேப்பா.