அம்மாவும் கடைசி ஸ்டேஜும்

போன வாரம் பல் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது, பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் மொபைலில் கேம் ஆடிக்கொண்டிருந்தாள். திரை முழுக்கக் குண்டு மழை. நடுவில் ஒரு பொடிப் பொம்மை எம்பிக் குதித்துத் தப்பித்துக்கொண்டிருந்தது. எனக்கு உடனே மிளகாய் பஜ்ஜி வாசனை வந்தது. டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. வேறு டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிடுவார்.

மந்தாரக்குப்பத்தில் ராஜவேலு அண்ணன் ஒரு வீடியோ கேம் கடை வைத்திருந்தார். ஒட்டினாற்போல் பஜ்ஜிக் கடை. ஆடுகிறவர்கள் கையெல்லாம் எண்ணெய், அதனால் ஜாய்ஸ்டிக்கும் எண்ணெய். நான் அப்போது சுரங்கத்தில் அப்ரண்டிஸ். ஷிப்ட் முடிந்ததும் நிலக்கரித் தூசியோடு நேரே அங்கேதான் போவேன்.

நான் ஆடிய கேமில் ஒரே ஒரு சிப்பாய். மேடைக்கு மேடை தாவ வேண்டும். நாலா பக்கமிருந்தும் குண்டு வரும். ஒன்று பட்டால் போச்சு. ஆனால் எவ்வளவு குண்டு வந்தாலும் எங்கோ ஓர் ஆள் நுழையும் சந்து இருக்கும். அதில் புகுந்து வெளியே வரும் அந்த அரை நொடியில் சூப்பர்வைசர் திட்டியது, பெர்மனென்ட் ஆவோமா என்ற கவலை எதுவும் ஞாபகத்தில் இருக்காது. இவ்வளவு பேசுகிறேனே, இரண்டு மாதமாக நாலாவது ஸ்டேஜைத் தாண்டவில்லை.

ஒருநாள் அம்மாவே தேடிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இன்னாடா பண்ணிகினு இருக்க இங்க? வூட்டுல சோறு ஆறிக்கினு இருக்குது."

"ஒரு நிமிஷம்மா." திரும்ப முடியாது. திரும்பினால் செத்தேன். திரும்பாமலும் செத்தேன்.

பின்னால் நின்று பார்த்தவள் சொன்னாள்: "குண்டையே பாத்துகினு இருந்தா சாவாம என்ன செய்வ? குண்டு இல்லாத எடத்தப் பாரு. தள்ளு."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். சிப்பாய் குதித்தபோதெல்லாம் அம்மாவின் தோளும் குதித்தது. மூன்றாவது ஆட்டத்தில் நாலாவது ஸ்டேஜைத் தாண்டினாள். நான் பஜ்ஜி வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் காய் வாங்கப் போனாள். போனதற்கு அடையாளமாகக் கால் கிலோ வெண்டைக்காய் வரும். மூன்று வாரம் வெண்டைக்காயே தின்ற அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அனல்மின் நிலையக் கண்ட்ரோல் ரூமில் வேலை. பேச்சே 'ம்' மட்டும்தான்.

கடைசி ஸ்டேஜ் வந்த அன்று கடையில் கூட்டம். பஜ்ஜிக்காரர் கரண்டியோடு வந்து நின்றார். திரையில் இரும்பு ராட்சசன். இன்னும் ஒரே அடி. கரண்ட் போய்விட்டது.

நாங்கள் இருந்த டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் கரண்ட் போவதே அபூர்வம். ரோட்டைத் தாண்டினால், கடை இருந்த பக்கம், தினமும் போகும். அம்மா வேகமாக வீட்டுக்கு வந்தாள். அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஊரு ஒலகத்துக்கெல்லாம் கரண்ட் குடுக்கறீங்க. அந்தாண்ட இருக்கிற கடைக்குக் குடுக்கக் கூடாதா? இன்னும் ஒரே அடிங்க, செத்துருப்பான்!"

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "யாரு?"

வேறு வழியில்லாமல் நான் எல்லாவற்றையும் சொன்னேன். வீடு இரண்டாகும் என்று பயந்தேன். அப்பா நிதானமாக யோசித்துவிட்டு, "கரண்ட் எடுத்துக் குடுக்கறது மட்டுந்தாம்மா நாங்க. அப்பறம் எங்க போவுதுன்றது எங்க டிபார்ட்மென்ட் இல்ல" என்றார். பிறகு, "நாளைக்கு எத்தினி மணிக்குப் போற?"

மறுநாள் கைகட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நின்றார். ஒருமுறை, "எடது பக்கம்! எடது!" என்று கத்தினார். அப்பாவிடம் அவ்வளவு சத்தம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். ராட்சசன் சிதறினான். கடையே கைதட்டியது.

திரை மூன்று எழுத்தில் பெயர் கேட்டது. அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். ஒருநாளும் பெயர் சொல்லி அவளைக் கூப்பிடாத மனிதர், அந்த எண்ணெய்க் குச்சியைப் பிடித்து, அவ்வளவு பேர் முன்னால், ஒவ்வொரு எழுத்தாகத் திருகி வைத்தார். உமா. இங்கிலீஷில் கச்சிதமாக மூன்றே எழுத்து.

கடை இன்று இல்லை. ராஜவேலு அண்ணன் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். அப்பாவும் இறந்துவிட்டார். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். பேத்தி மொபைலை நீட்டினால் வாங்குவதில்லை.

"தனியா ஒக்காந்து ஆடறது இன்னா ஆட்டம்? பின்னால நிக்கறதுக்கு ஒரு ஆளு வேணாமா?" என்கிறாள்.