கோர்வைத் தறியில கூட்டாட்சி

காலையில சித்தப்பா வீட்டுக்குப் போனேன். மனுஷன் தறியில உட்கார்ந்துக்கினு போன்ல விவாதம் பார்த்துக்கினு இருந்தார். எந்த மாநிலம் டெல்லி காசுல பிழைக்குதுன்னு நாலு பேர் கத்திக்கினு இருந்தாங்க.

சித்தப்பாவுக்கு ஆவேசம் வந்துடுச்சு. "நாம கட்டுற வரியிலதான்பா பாதி மாநிலம் ஓடுது! நாம யாரையாவது நம்பி இருக்கிறோமா, சொல்லு?"

பக்கத்துல புடவைக் கரைக்கு நாடா தள்ளிக்கினு இருந்த சித்தி, நாடாவை வெச்சுட்டு எழுந்து உள்ள போயிட்டாங்க.

கோர்வைப் புடவையில கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். உடலுக்கு ஒருத்தர், கரைக்கு ஒருத்தர் உட்காரணும். ஒருத்தர் எழுந்தா ஒரு விரல்கடைகூட நகராது.

பத்து நிமிஷம் மாநில உரிமை முழங்கினவர், அப்புறம்தான் தறியைப் பார்த்தார். முகூர்த்தப் புடவை. சாயங்காலம் கடைக்குக் கொடுத்தாகணும்.

"ஏம்மா, வாம்மா. நேரமாவுது."

"நீங்கதான் யாரையும் நம்பி இல்லையே! கரையையும் நீங்களே போட்டுக்கோங்க."

கடைசியில சித்தப்பாவே காபி போட்டு எடுத்துக்கினு போனார். சித்தி நிதானமா ஆத்தி ஒரு வாய் குடிச்சுட்டு, "சர்க்கரை பத்தல. இன்னும் கொஞ்சம் ஒதுக்குங்க"ன்னாங்க. ஒதுக்கினார். தறி ஓடுச்சு.

சண்டைக்கு வராதீங்க, வரி விஷயத்துல நானும் சித்தப்பா கட்சிதான். ஆனா அந்த வீட்டுல யாரு டெல்லி, யாரு தமிழ்நாடு? தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க.

சித்தியும் படிப்பாங்க. பார்த்து எழுதுங்க.