ரசீது கேட்காத கணக்கு

அன்று சாயங்காலம் டெக்சாஸில் ஆலன் என்ற ஊரில் எங்கள் அபார்ட்மென்ட்டில் ஆறு பேர் இருந்தோம். நான், என் மனைவி, பதினாலு வயது மகள், கொரோனாவில் விமானம் நின்றுபோனதால் ஊர் திரும்ப முடியாத மாமனார், எதிர்வீட்டு தீதி, வாசலில் மாஸ்க்கும் கையில் போனுமாக மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்து நின்ற அம்மாள்.

கணக்குத் தாள் முன்பே தபாலில் வந்திருந்தது. நான்தான் அதை அரிசி மூட்டைக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். கட்டம் போட்ட தாளைப் பார்த்தாலே எங்காவது ஒளித்துவைக்கத்தான் தோன்றும். எதையாவது தப்பாக எழுதி கிரீன் கார்டுக்கு வினையாகிவிட்டால்? போதாததற்கு மாமனார் வேறு.

"மாப்ள, எம்பேரு இங்க ஏறுச்சுன்னா அங்க ரேஷன் கார்டுல அடிச்சுருவாங்க. அப்பறம் தாலுகா ஆபீசுக்கு யாரு அலையறது?"

ஊரில் அப்படித்தானே, ஒரு கார்டில் பெயரை நீக்கினால்தான் இன்னொன்றில் சேர்ப்பார்கள். டெக்சாஸிலும் அதே முறைதான் என்று மாதக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன். என் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

தீதியின் பயம் சிரிக்கிற மாதிரியானது அல்ல. நான் தோசை ஊற்றும் உணவகத்தில் காய் வெட்டுகிறவர் அவர். அக்காவுக்கு அவர் மொழியில் தீதி. சமையலறையில் எங்களோடு நின்று நின்றே தமிழ் பழகிவிட்டார். பிறந்தது பூட்டானில். வெளியாள் சுலபத்தில் நுழைய முடியாத நாடு. தெற்கே நேபாளி பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்று அரசாங்கம் பயந்து, ஒரு கணக்கு எடுத்ததாம். ஒரே ஒரு பழைய வருஷத்து நிலவரி ரசீதைக் காட்டச் சொன்னார்களாம். அவர் அப்பாவிடம் முந்தின வருஷத்தது இருந்தது, பிந்தின வருஷத்தது இருந்தது. கேட்டது மட்டும் இல்லை. வெளியாள் என்று எழுதி, நாட்டைவிட்டே துரத்திவிட்டார்கள். பிறகு நேபாளத்தில் அகதி முகாம், அங்கே கல்யாணம், பிள்ளை, அப்புறம்தான் இங்கே.

அதனால் கணக்கெடுக்கிறவர் வந்தால் கதவைத் திறக்கவே மாட்டேன் என்று சொல்லிவைத்திருந்தார். அன்றைக்குப் பார்த்து எங்கள் சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

வாசலில் மகள்தான் பதில் சொன்னாள். எத்தனை பேர், பெயர், பிறந்த தேதி, வாடகையா சொந்தமா. இவ்வளவுதானா என்று எனக்கு ஆச்சரியம். விசிட்டர்களைச் சேர்க்க வேண்டாமாம். மாமனார் ஒரு நிமிஷம் நிம்மதியானார், அடுத்த நிமிஷம் முகம் சுண்டிவிட்டது.

"அப்ப நான் கணக்குலயே வல்லியா?"

கடைசியில் அந்த அம்மாள், எதிர்வீட்டில் எப்போது ஆள் இருப்பார்கள் என்று என்னிடம் கேட்டார். இருக்கிறார் என்றால் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். இல்லை என்றால் அரசாங்கத்திடம் பொய்.

அதற்குள் தீதியே வந்துவிட்டார். என் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பழைய பேப்பர் ஏதாச்சும் கேட்டாங்களா?"

"நோ ஆன்ட்டி. ஜஸ்ட் நேம் அண்ட் பர்த்டே."

பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். கணவர், தான், மகன், மருமகள், ஜனவரியில் பிறந்த பேத்தி. பேத்தியின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லி, போன் திரையை எட்டிப் பார்த்துச் சரிபார்த்தார். ஐந்து பேர். என் வீட்டு ஆட்களே ஊர் வந்து சேர்ந்த மாதிரி எனக்கு மனசு நிறைந்தது.

அந்த அம்மாள் நன்றி சொல்லித் திரும்ப, தீதி விடவில்லை. முகாமிலிருந்து கூட்டி வந்தவர்கள் விமான டிக்கெட்டைக் கடனாகத்தான் கொடுத்தார்களாம். உணவகம் மூடிக் கிடந்த மாதங்களில் தவணை கட்டவில்லையாம், அதையும் எழுதிக்கொள்ள வேண்டுமாம். அதற்கெல்லாம் இதில் இடமே இல்லை என்று அந்த அம்மாள் சொல்லிப் பார்த்தார்.

"நாளைக்கு யாரும் மறைச்சோம்னு சொல்லக் கூடாதுல்ல," என்றார் தீதி எங்களைப் பார்த்து.

மகள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அம்மாள் போனைத் தாழ்த்திக்கொண்டு, எவ்வளவு பாக்கி என்று மெதுவாகக் கேட்டார்.

அறுநூற்று நாற்பது டாலர், என்றார் தீதி.