கத்தாரிலிருந்து வரவேண்டிய கேம்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரே படம், கோட்டுப் போட்ட ரவுடிக் குடும்பத்தைப் பற்றிய ஒரு பழைய ஆங்கிலப் படம்தான். வாப்பாவும் அவருடைய தம்பியான சாச்சாவும் அதைத் தேயத் தேயப் பார்த்திருந்தார்கள். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டர் கேமாகச் செய்கிறார்களாம் என்று என் அண்ணன், நானா, வகுப்பில் கேட்டு வந்து சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படத்தில் தலைவர் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். கேமில் நானே தலைவர் ஆகலாமாம். எங்கள் ஊர்த் தில்லையடியில் என் பேச்சைக் கேட்க ஒரு பூனைகூட இல்லாத காலம் அது.

சாச்சா கத்தாரில் வேலை செய்தார். கேம் கடைக்கு வந்ததும் வாங்கிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஃபோனை உம்மாவின் கையிலிருந்து பிடுங்கி, "கேம் வந்திட்டா சாச்சா?" என்பேன். சலாம் சொல்லவும் மறந்துபோகும்.

அவர் ஊருக்கு வந்தால் வேன் பிடித்து அரைக் குடும்பம் விமான நிலையத்துக்குப் போவதுதான் வழக்கம். அந்த முறை யாருக்கும் சொல்லாமல், சிலாபத்தில் பஸ் மாறி, ஒரு மத்தியானம் தனியாக வந்து இறங்கினார். பெட்டியைப் பூட்டியபடியே அறையில் வைத்தார். வெளிநாட்டுப் பெட்டியைச் சொந்தக்காரர் எல்லோரும் கூடியிருக்கத்தான் திறக்க வேண்டும். மாமிமார் வந்து தேத்தண்ணி குடித்து, பெட்டியைக் கடைக்கண்ணால் பார்த்துப் போனார்கள். அது திறக்கவில்லை. நான் அதன்மேல் உட்கார்ந்தேன், தட்டினேன், காதை வைத்துக் கேட்டேன். உள்ளே ஒன்றும் குலுங்கவில்லை. அவ்வளவு நெருக்கி அடுக்கியிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

"கேம் உள்ளுக்கு ஈக்கிதானே சாச்சா?"

"ஈக்கி மகள், ஈக்கி," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் உம்மா டவுனுக்குப் போய், ஹபாயாவுக்குள் பைகளை மறைத்துக்கொண்டு வந்து அறைக் கதவைச் சாத்தினார். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பெட்டி திறந்தது. அத்தர், பேரீச்சம்பழம், சவுக்காரம் என்று ஆளுக்கொன்று கிடைத்தது. பெரிய மாமி சவுக்காரத்தை மோந்து பார்த்து, "ஊர்ச் சவுக்காரத்துல இந்த வாசம் வருமா?" என்றார். உம்மா பலமாகத் தலையாட்டினார். எனக்கு ஒரு டிஸ்க். உறையில் அதே கோட்டு, அதே முகங்கள்.

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் போட்டேன். ஓடியது அந்தப் பழைய படமேதான்.

"இது கேம் இல்ல! படம்!" என்று அவ்வளவு பேருக்கும் முன்னால் கத்தி அழுதேன். உம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சாச்சாதான் சமாளித்தார்.

"கத்தார்க் கடைக்காரன் மாத்தித் தந்துட்டான் மகள்."

வந்தவர்கள் அந்தக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்து படத்தைப் பார்த்தார்கள்.

சாச்சாவின் கம்பெனியை மூடி அவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள் என்பதும், டவுன் கடைகளில் வாங்கிப் பெட்டியை நிரப்பியது உம்மா என்பதும், கேமைக் கேட்கப் போய்ப் படத்தை வாங்கி வந்தவரும் அவரே என்பதும் நான் வளர்ந்தபிறகு தெரிந்தவை. அன்றைக்கு எனக்கு விளங்கியது ஒன்றுதான். டிஸ்க்கை மாற்ற வேண்டுமென்றால் சாச்சா திரும்பிப் போக வேண்டும். ஆகவே காலையில் அவர் பாண் தின்னும் நேரம் பார்த்து எதிரே போய் நின்று, "எப்ப சாச்சா போறீங்க?" என்று விடாமல் கேட்டேன். வீட்டில் வேறு யாருமே அவரிடம் அதைக் கேட்கவில்லை. அவர் பாணைக் கீழே வைத்துவிட்டு, "இன்ஷா அல்லாஹ், மகள்," என்பார். இப்படியொரு சோம்பேறியைப் பெரியவர்கள் ஏன் ஒரு வார்த்தை கண்டிக்காமல் இருக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.