மெசின் ஓடினால் இருப்பம்

மெசினைத் தொடக்கும் பொத்தானை அமத்துவதற்கு முன்னால் கொன்ஸ்ரன்ரைன் மூச்சைப் பிடிப்பார். முதலில் வாயைக் கொஞ்சமாகத் திறந்து உள்ளே கிடக்கும் காற்றையெல்லாம் விட்டுவிடுவார். பிறகு மூக்கால் மெல்ல மெல்ல இழுப்பார். கன்னம் உப்பாது, தோள் மட்டும் ஒரு விரலளவு உயரும். பெருவிரலால் பொத்தானை அமத்திவிட்டு, சுழலும் வெட்டி கீழிறங்கிப் பலகையைத் தொட்டு முதல் தூள் பறக்கும்வரை அப்படியே இருப்பார். தூள் பறந்த பிறகுதான் காற்று பல்லிடுக்கால் வெளியே வரும், சைக்கிள் ரியூப் இறங்குகிற சத்தத்தோடு.

குசினிக்குள் நிற்கிற யசிந்தா அந்தச் சத்தத்துக்குக் காதுகொடுத்தபடி இருப்பாள். அது கேட்டால் மனிசனின் வேலை சரியாகத் தொடங்கிவிட்டது, இனி அவள் அரிசியைக் களையலாம்.

மூச்சுப் பிடிப்பது கடல் கொடுத்த பழக்கம். சங்கும் கடலட்டையும் எடுக்க முதுகில் சிலிண்டர் கட்டி இறங்கியவர் கொன்ஸ்ரன்ரைன். ஒருநாள் ஆழத்தில் காற்று முடிந்துபோக, ஆறுதலாக, நின்று நின்று வரவேண்டிய மனிதர் அவசரமாக மேலே வந்தார். உயிர் தப்பியது. முழங்கால்கள் அவர் சொல்லுக் கேட்பதை நிறுத்திக்கொண்டன. கட்டிலில் இருந்து எழும்பவும் கிணற்றடிக்குப் போகவும் அன்றிலிருந்து யசிந்தாவின் தோள் வேண்டியிருந்தது.

மெசின் அதற்குப் பிறகு வந்தது. மன்னார் ரவுணில் தொழில் பழக்கிய ஒரு நிலையத்தை மூடியபோது அங்கே தூசி பிடித்துக் கிடந்த சாமான் அது. தையல் மெசின் வைக்கிற மேசையில் அடங்கிவிடும். கொம்பியூட்டரில் வரைந்த உருவத்தை அப்படியே பிளாஸ்ரிக்கிலோ பித்தளையிலோ வெட்டித் தரும். சின்ன மேசை ஒன்று இடம் வலமும் முன் பின்னும் நகர, மேலேயிருந்து வெட்டி இறங்கி ஏறும், அவ்வளவுதான். கொன்ஸ்ரன்ரைன் மரக்கறி வெட்டுகிற தடித்த வெள்ளைப் பலகைகளை வாங்கி, அதில் படகு எஞ்சினுக்குச் சில்லும் வளையமும் வெட்டினார். நாட்டில் சாமான் தட்டுப்பாடான காலத்தில் தலைமன்னாரிலிருந்தும் ஆட்கள் வந்து வாசலில் நின்றார்கள். பிறகு கடைகளுக்குச் சாமான் வந்தது, ஆட்கள் குறைந்தார்கள். சேமக்காலையில் கல்லறைச் சிலுவைகளுக்குப் பித்தளையில் பெயர் வெட்டிக் கொடுப்பது மட்டும் நிற்கவில்லை.

அவர்களுடைய ஊரான பேசாலையின் உப்புக்காற்று கடைசியில் கொம்பியூட்டரைத் தின்றது. மெசினின் கொன்ரோல் பெட்டியும் பழசு, அந்தப் பழைய கொம்பியூட்டர் இல்லாமல் வேறெதோடும் கதைக்காது. இரண்டும் சேர்ந்து படுத்துவிட்டன.

அதே கிழமைதான் வவுனியாவிலிருந்து மகள் பெற்றிசியா போன் எடுத்தாள். அவளுக்கு மூன்றாவது முறை வயிற்றில் தங்கியிருந்தது. முதல் இரண்டும் நிற்கவில்லை. இந்த முறை டொக்டர் கட்டிலை விட்டு இறங்காதே என்று சொல்லியிருந்தார்.

"அம்மா, நீங்கள் வந்து நில்லுங்கோவன். அப்பாவுக்குக் கீழ் அறை ஒதுக்கியிருக்கிறம். ஒரு படியும் ஏறத் தேவையில்லை."

யசிந்தா போனைக் கையில் வைத்துக்கொண்டே மனிசனைப் பார்த்தாள். அவரை விட்டுவிட்டு அவளால் போக முடியாது. அவர் போனால் பிறகு திரும்பி வரமாட்டார். பூட்டிய வீட்டில் அந்த மெசின் ஒரு மாரிகூடத் தாங்காது. இதெல்லாம் இருவருக்கும் தெரிந்ததுதான்.

"கொழும்பில ஜோன்சன் புதுப் பெட்டி அனுப்புறனெண்டு சொன்னவன்," என்றார் கொன்ஸ்ரன்ரைன். "அதைப் பூட்டிப் பாப்பம். மெசின் ஓடினா இருப்பம். ஓடாட்டி, அதைக் கேட்டுக்கொண்டிருக்கிற அஸாமிட்டக் குடுத்திட்டு உன்னோட வாறன்."

"சத்தியமாவோ?"

"எங்கட கோயில் வெற்றி அன்னையாணை."

யசிந்தாவுக்குப் போகத்தான் விருப்பம். வாயால் சொல்லவில்லை. அன்றைக்கே அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பெரிய பையை இறக்கி வெயிலில் காயவிட்டாள். கொன்ஸ்ரன்ரைன் பையைப் பார்த்தார்.

ஜோன்சன் தலைமன்னார்ப் பெடியன். கொழும்பில் மெசின்கள் திருத்துகிற கடையொன்றில் வேலை. அவன் அனுப்பிய பெட்டி இரவு பஸ்ஸில் வந்து, காலையில் சந்திக் கடையில் இறங்கிக் கிடந்தது. உள்ளே புதுக் கொன்ரோல் பலகை, மோட்டர்களுக்கு மூன்று சின்னப் பலகைகள், நகத்தளவில் மூன்று கறுப்புச் சாமான்கள். கறுப்புச் சாமான்களைப் பற்றி ஜோன்சன் போனில் விளக்கினான். பழைய மெசினில் மேசை விளிம்புக்கு வந்தால் ஒரு சுவிச்சில் முட்டி நிற்கும், அந்தச் சுவிச்சுகள் துருப்பிடித்துவிட்டன. இவை முட்டத் தேவையில்லை. ஒவ்வொன்றிலும் நீட்டி நிற்கிற இரண்டு பல்லுகளுக்கு இடையே ஒளி ஓடிக்கொண்டிருக்கும். மேசையோடு வருகிற தகடு நடுவில் புகுந்து ஒளியை மறைத்தால், விளிம்பு வந்துவிட்டதென்று மெசினுக்குத் தெரியும்.

இரண்டு நாள் பூட்டினார்கள். அவர் கதிரையில் இருந்தபடி வயர்களை முறுக்க, யசிந்தா ரோர்ச் பிடித்தாள். அவள் கையில் கருவாட்டு மணம்.

"கையைக் கழுவிப்போட்டு வந்தா என்ன?"

"கழுவினதுதான். இந்த மணம் போறதெண்டா நான் சாகோணும்."

ஒவ்வொரு வயரையும் பூட்டி முடிய, கொன்ஸ்ரன்ரைன் தகர டப்பாவில் விரலை விட்டு மண்ணிறக் கிறீசை எடுத்து அதன்மேல் அப்பினார். பற்றரி முனை, எஞ்சின் பிளக், லாம்பு என்று படகில் எதைப் பூட்டினாலும் உப்பு ஏறாமல் கிறீஸ் வைத்து அடைத்துவிடுவது பேசாலை வழக்கம். கிறீஸ் பூசாமல் எழும்புகிறவனை அங்கே ஆரும் தொழில் தெரிந்தவனாக மதிக்கமாட்டார்கள். யசிந்தாவின் தகப்பனும் அப்படித்தான், தமையனும் அப்படித்தான். அதனால் அவளும் அதைக் கண்டும் காணாமல் ரோர்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் பூட்டி, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய மடிக்கணினியில் வயரைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமத்தினார். மெசின் வேலை தொடங்க முன் தன் மூலைக்குப் போய் அங்கே தொட்டுப் பார்க்க வேண்டும். அது போகவில்லை. ஒருமுறை உறுமிவிட்டு நின்றது. திரையில் சிவப்பு எழுத்து விழுந்தது.

போனை மேசையில் சத்தமாக வைத்துக்கொண்டு ஜோன்சனைக் கேட்டார்கள்.

"மாமா, வயர் எல்லாம் சரியோ?"

"உன்ர படத்தில இருக்கிற மாதிரித்தான்."

"சிவப்பு, சிவப்போட?"

"ஓமடா. எனக்குக் கால்தான் இல்லை, கண் இருக்கு."

"அப்ப ஏன் அலாம் காட்டுது?"

"அதைக் கேக்கத்தானே உனக்கு எடுத்தனான்!"

ஜோன்சன் ஒவ்வொரு இலக்கமாக மாற்றச் சொன்னான். மாற்றினார்கள். உறுமல், சிவப்பு எழுத்து. திரும்பவும் மாற்றினார்கள். மின்சாரம் போனது, வந்தது. வேலிக்கு வெளியே கழுதையொன்று நின்று கத்திவிட்டுப் போனது. கொன்ஸ்ரன்ரைன் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்தார், வீணாக விட்டார். யசிந்தாவுக்குப் பார்க்கவே களைத்தது.

எருக்கலம்பிட்டியிலிருந்து அஸாம் ஒருக்கால் பார்த்துவிட்டுப் போக வந்தான். கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிறவன். மெசினின் இரும்பு உடம்பு நல்லதென்று அவனுக்கு அதில் எப்போதும் ஒரு கண்.

"என்ன அண்ணன், மெசின் நோன்பு பிடிக்குதோ? ஆடாம அசையாம நிக்குது."

"நோன்பு உனக்கு. இதுக்குத் தவக்காலம்."

"அப்ப உயிர்க்குமோ?"

"மூண்டாம் நாள் பாப்பம்."

அஸாம் சிரித்தான். யசிந்தா கொடுத்த பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய வாறன், அக்கா. ஓடினா சந்தோசம். ஓடாட்டித் தூக்கிக்கொண்டு போறன்," என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை. கேட்கத்தான் கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை கொன்ஸ்ரன்ரைன் தனியே மெசினுக்கு முன்னால் கனநேரம் குனிந்திருந்தார். பிறகு ஊன்றுகோலைப் பிடித்துத் தானாகவே எழும்பி வேலியோரம் போய் நின்று போன் கதைத்தார். என்ன கதைத்தாரென்று யசிந்தாவுக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து மெசினைப் பழைய படுக்கை விரிப்பால் மூடினார்.

"இனிக் காணும், விடுவம்," என்றார். "பையில நான் கட்டுற சாரங்களையும் வை."

யசிந்தா வைத்தாள். மகளுக்குப் போன் எடுத்து, சனிக்கிழமை வந்துவிடுவோம் என்றாள். பெற்றிசியா அந்தப் பக்கத்தில் அழுதாள். இவளுக்கு அழுகை வரவில்லை. சண்டைக் காலத்தில் வள்ளமேறி இரண்டு முறை இராமேஸ்வரம் போனவள் அவள். முகாமில் இருந்து, திரும்பி வந்து, திரும்பவும் போய், திரும்பவும் வந்தவள். பை கட்டுவது அவள் கைக்கு மனப்பாடம்.

பின்னேரம் தூசி தட்டுவதற்காக விரிப்பைத் தூக்கினாள். குடுக்கிற சாமானைத் துடைத்துக் குடுக்க வேண்டும். பெட்டியின் பிளக் கழற்றாமல் கிடந்தது. கறுப்புச் சாமான்கள் மூன்றின் தலையிலும் கடுகளவு விளக்கு. இரண்டு எரிந்தன, ஒன்று எரியவில்லை. துணியால் துடைத்துக்கொண்டு மேசையைப் பின்னால் தள்ளினாள். பின்பக்கம் இருந்த மூன்றாவது விளக்கு பற்றியது. முன்னால் இழுத்தாள், அணைந்தது. மற்ற இரண்டும் மேசை எங்கே நின்றாலும் எரிந்தபடியே இருந்தன.

அவள் குனிந்து பார்த்தாள். எரிகிற இரண்டின் பல்லிடுக்கிலும் மண்ணிறக் கிறீஸ் நிறைந்திருந்தது. மூன்றாவது, மெசினின் முதுகுப் பக்கம், கதிரையில் இருக்கிறவர் எட்ட முடியாத இடம். அன்றைக்கு ரோர்ச்சை வைத்துவிட்டு அவள்தான் அதைப் பூட்டினாள். அதில் கிறீஸ் இல்லை.

கொம்பியூட்டர் தெரியாத மனிசிக்கும் அது விளங்கியது. ஒளி போக வழியில்லை. மெசின் எந்த நேரமும் விளிம்பில் நிற்பதாக நினைத்துக்கொண்டு நகர மறுக்கிறது.

விரிப்பை இழுத்து மூடினாள். குசினிக்குப் போய்த் தேங்காய் துருவினாள். தேவைக்கு மிஞ்சித் துருவினாள்.

பேசாமல் இருந்தால் போதும். நாளைக்கு அஸாம் வருவான், சனிக்கிழமை பஸ். மகளின் தலைமாட்டில் அவள் இருப்பாள். பொய் சொல்லத் தேவையில்லை, வாயைத் திறக்காவிட்டால் சரி. ஆனால் இதுவரை விட்டுவிட்டுப் போன எல்லா வீட்டையும் ஆரோ துரத்தியதால்தான் விட்டுப் போனாள். இந்த முறை துரத்துகிற ஆள் அவளாக இருக்கப்போகிறாள், அதுவும் எழும்ப ஏலாத ஒரு மனிசனை. அந்த எண்ணம் ஒரு பக்கம், பெற்றிசியாவின் அழுகை மறுபக்கம். இரவு அவள் நித்திரை கொண்டதாகச் சொல்ல முடியாது.

வெள்ளி விடிய, தேத்தண்ணீர்க் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரில் நின்றாள்.

"இஞ்சருங்கோ. அந்தக் கறுப்புச் சாமானுக்குள்ள கிறீஸ் அப்பியிருக்கிறியள். பிறகு எப்பிடி வெளிச்சம் போகும்?"

கொன்ஸ்ரன்ரைன் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ கண்டனியோ?"

"நேற்றே கண்டனான்."

"நேற்றோ?" கோப்பையைக் கீழே வைத்தார். "உனக்கு மகளிட்டப் போகோணுமெல்லே?"

"போகோணும்தான். அதுக்கு இப்ப என்ன? துடைக்கட்டோ, விடட்டோ?"

சாரங்கள் வைத்துக் கட்டிய பையை அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு, "துடை," என்றார்.

காதுக்கு வைக்கிற பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அவள் துடைத்தாள். விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. அவர் பொத்தானை அமத்தினார். வெட்டி மேலேறி நின்றது, மேசை தன் மூலைக்குப் போய், தொட்டு, ஒரு நூல் பின்வாங்கி நின்றது. திரையில் சிவப்பு இல்லை.

"ஓடுது," என்றார் கொன்ஸ்ரன்ரைன். குரலில் ஒன்றும் இல்லை. சந்தோசப்படக்கூட மனிசனுக்குத் தெம்பில்லை என்று யசிந்தா நினைத்தாள். பையிலிருந்து சாரங்களை எடுத்துத் திரும்பவும் அலுமாரிக்குள் வைத்தாள்.

ஜும்மா முடிந்து அஸாம் வந்தான். மெசின் பித்தளையில் எழுத்து வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். "உயிர்த்திட்டுது போல," என்றான். தன் கடைக்கு எழுத்து வெட்டச் சொல்லிவிட்டு, கொண்டுவந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனான்.

பெற்றிசியாவுக்குத் துணையாக அவளுடைய மாமியார் வந்து நின்றாள். குழந்தை பிறந்தது, பெண், இரண்டு பேரும் சுகம். யசிந்தா பேத்தியை முதலில் பார்த்தது போன் திரையில். படம் இடையிடையே நின்று நின்று வந்தது.

ஜோன்சன் அதற்குப் பிறகு லீவில் ஊருக்கு வந்தபோதுதான் யசிந்தாவிடம் மிச்சத்தைச் சொன்னான். அந்த வியாழக்கிழமை வேலியோரத்திலிருந்து கொன்ஸ்ரன்ரைன் பேசியது அவனோடுதான். "பிழை பிடிபட்டுது, தம்பி. நான்தான் கிறீஸ் அப்பிப்போட்டன். துடைச்சா ஓடும், ஆனா துடைக்கமாட்டன். யசிந்தா மாமி கேட்டா மெசின் செத்துப்போச்செண்டு சொல்லு. அவள் மகளிட்டப் போய் நிக்கட்டும்," என்று சொல்லியிருக்கிறார்.