யாரும் சொல்லாமல் பரவிய நடவு

புது முறைகளை விவசாயிகளிடம் கொண்டு சேர்க்கும் படிப்பான வேளாண் விரிவாக்கத்தில் முதுகலை இடம் கிடைத்தபோது கவிப்பிரியா ஒரு வாரம் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் கேட்டது பயிர் மரபியல். மதிப்பெண் கொஞ்சம் குறைந்ததால் கிடைத்தது இது. தொப்பூர் கணவாய்க்குக் கீழே லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்த அப்பா பச்சியப்பனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. "ரெண்டும் விவசாயந்தானே, படி" என்றார்.

இரண்டாம் ஆண்டில் பேராசிரியர் மதியழகன் அவளுக்கு ஓர் ஆய்வைக் கொடுத்தார். பென்னாகரம் பக்கம் ராகி நாற்றை நாலைந்தாகச் சேர்த்து நெருக்கி நடுவதுதான் வழக்கம். சில வருடங்களாக அங்கே பலர் ஒற்றை நாற்றாக, சாண் இடைவெளி விட்டு நடுகிறார்கள். இந்த மாற்றம் யார் மூலம் பரவியது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கவிப்பிரியா கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போனாள். 'இந்த முறையை உங்களுக்கு முதலில் சொன்னது யார்?' என்பது முதல் கேள்வி. அலுவலர், வானொலி, செல்போன், உறவினர், மற்றவை என்று கட்டங்கள். முதல் இருபது வீடுகளிலும் ஒரே பதில்தான்: "யாரும் சொல்லலீங்க." எரிச்சலோடு 'மற்றவை'யில் குறியிட்டுக்கொண்டே போனாள்.

இருபத்தோராவது ஆள் தீர்த்தகிரி. வரப்பில் நின்று மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். அவரும் அதையே சொன்னார்.

"யாரும் சொல்லலைன்னா எப்படிங்கண்ணா தெரிஞ்சுது?"

"பாத்தேன்."

"எங்க பாத்தீங்க?"

"என் கொல்லையிலயேதான், இதே நெலத்துலதான்."

அறுத்த புல்லைக் கீழே போட்டுவிட்டு அவர் சொன்னார். ஆறு வருடத்துக்கு முன் நடவுக்கு வந்த பெண்களில் தீர்த்தம்மாள் என்று ஒருத்தி. பிறவியிலிருந்தே காதும் கேட்காது, பேச்சும் வராது. மற்றவர்கள் கொத்தாக நட, அவள் மட்டும் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி நட்டாள்.

"கூலி வாங்கிட்டு ஏமாத்தறியான்னு சத்தம் போட்டேம்மா. அதுக்குக் காது கேக்காதுன்னு அப்புறந்தான் நெனப்பு வந்துச்சு. அது அசரவே இல்ல. மூலையில நாலு கட்டில் அகலம் எடத்தக் காட்டி, இத மட்டும் எனக்கு விடுன்னு கை காட்டுச்சு. தொலையுதுன்னு விட்டேன். அறுப்புல பாத்தா அந்த மூலையில தூருக்கு இருவது கதிரு. பக்கத்துல ஏழெட்டுதான். அடுத்த வருசம் முழுக் கொல்லையும் அப்படியே நடச் சொல்லிட்டேன்."

கவிப்பிரியா அந்த இருபது வீடுகளுக்கும் திரும்பப் போனாள். இப்போது கேள்வியை மாற்றிக் கேட்டாள்: "முதல்ல எங்க பாத்தீங்க?" பதில்கள் கொட்டின. பக்கத்துக் கொல்லையில், மச்சான் நிலத்தில், எங்க கொல்லை மூலையில். மீதி வீடுகளிலும் இதையே கேட்டாள்; மொத்தம் ஒன்பது ஊர், நூற்றுப்பன்னிரண்டு வீடு. பெரிய தாளில் அம்புக்குறிகள் போட்டாள். எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் ஏதோ ஒரு வயலின் மூலை. அந்த மூலைகள் எல்லாவற்றையும் நட்டது ஒரே கை, தீர்த்தம்மாளுடையது.

விவசாயியின் நிலத்திலேயே புது முறையையும் பழைய முறையையும் அருகருகே செய்து காட்ட வேண்டும், அவரே ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டும் என்று அவள் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருந்தாள். அதையே ஒரு பெண், யாரும் கற்றுத் தராமல், கூலிக்குப் போன இடமெல்லாம் செய்துவிட்டு வந்திருக்கிறாள். விடுதி அறையில் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த கவிப்பிரியா, விடிந்ததும் தீர்த்தம்மாள் வீட்டைத் தேடிக் கிளம்பினாள்.

தீர்த்தம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. தம்பி வீட்டை ஒட்டி அரை ஏக்கர் கொல்லை. தம்பி மனைவி சாலம்மாள்தான் கைஜாடையைப் பேச்சாக்கினாள்.

"ஒரு வருசம் மழயில்லாம நாத்து பாதி காஞ்சு போச்சுங்க. இருக்கறத வெச்சு முழுசா நடணும்னு ஒண்ணொண்ணா நட்டாங்க. நாங்கல்லாம் சிரிச்சோம்."

அவர்கள் இருவரின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்த தீர்த்தம்மாள் பொறுமையிழந்து கவிப்பிரியாவின் மணிக்கட்டைப் பிடித்து வயலுக்குள் இழுத்துப் போனாள். ஒரு தூரைக் காட்டி, எண்ணு என்றாள் சைகையில். இருபத்து மூன்று கதிர்கள். பிறகு கொத்தாக நட்டால் இப்படித்தான் என்பதுபோல் ஐந்து விரலையும் இறுக்கிக் குவித்து, மூச்சு முட்டுவது போல் நாக்கைத் தள்ளிக் காட்டினாள். கவிப்பிரியா சிரித்துவிட்டாள்.

"அடுத்தவங்க கொல்லையில எதுக்கு நட்டாங்கன்னு கேளுங்கக்கா."

சாலம்மாள் கேட்டாள். தீர்த்தம்மாள் இடுப்பைப் பிடித்துக் காட்டினாள். பிறகு கண்ணைத் தொட்டு, கையை வயல்வெளி முழுக்க வீசினாள்.

"கொறைய நட்டா கொறையக் குனிஞ்சா போதுமாம். அப்புறம், கண்ணு இருக்குதில்ல, பாக்கட்டும்ங்கறாங்க."

மூன்று மாதம் கழித்து கவிப்பிரியா வரைபடத்தை எடுத்துவந்து தரையில் விரித்தாள். தீர்த்தம்மாளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் ஒவ்வோர் ஊருக்கும் கோயிலோ ஏரியோ வரைந்திருந்தாள். தீர்த்தம்மாள் ஒவ்வோர் ஊராகத் தொட்டுத் தலையாட்டினாள். பிறகு பேனாவை வாங்கி, தாளின் ஓரத்தைத் தாண்டி, சிமெண்ட் தரையில் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். ஒகேனக்கல் ரோட்டை ஜாடையில் காட்டி மூன்று விரலை நீட்டினாள்.

மறுநாள் கவிப்பிரியா ஒகேனக்கல் பஸ் ஏறி மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கினாள். அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ராகி, சாண் சாணாக, கண்ணுக்கு எட்டிய வரைக்கும். கேள்வித்தாள் பையிலேயே இருந்தது. வரப்பில் இறங்கி ஒரு வரிசையைச் சாணால் அளந்து பார்த்துவிட்டு, அதன்பிறகுதான் முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். இன்னும் ஆறு ஊர்கள் வரைபடத்தில் சேர்ந்தன.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், "தகவல் பரவிய ஊடகம் எது?" என்று கேட்டார். "நிலம்தான் சார்" என்றாள். அவர் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்து அம்புக்குறிகளை ஒவ்வொன்றாக விரலால் தொடர்ந்து பார்த்தார். தகவல் தந்தவர்களின் பெயரை வெளியிடக்கூடாது என்ற விதிப்படி ஆய்வேட்டுக்குள் தீர்த்தம்மாளின் பெயர் வரக்கூடாது. நன்றியுரையில் போடலாம் என்றார் மதியழகன். அனுமதி கேட்டபோது தீர்த்தம்மாள், பெயரைப் போட்டுக்கொள், படம் போட்டால் என் முகம் வேண்டாம், என் கொல்லையைப் போடு என்று சைகை காட்டினாள்.

கவிப்பிரியா இப்போது அதே வட்டாரத்தில் வேளாண் உதவி அலுவலர். நடவுக் காலத்தில் பஸ்ஸில் போனால் இரண்டு பக்க ஜன்னல்கள் வழியாகவும் வயல்களை மாறி மாறிப் பார்த்தபடி நின்றுகொண்டே வருவாள்.

"சீட்டுதான் காலியா இருக்குதே, உக்காரும்மா" என்பார் கண்டக்டர்.

"இருக்கட்டுங்கண்ணா" என்பாள்.