கடல் தண்ணித் தொட்டி

எங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறாருன்னு யாராவது கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். இன்டர்கூலர் செய்யிறாருன்னு சொன்னா, "ஓ, ஏசி ரிப்பேரா?"ம்பாங்க. ஏசியும் இல்ல, ஃப்ரிட்ஜும் இல்ல. டர்போ வச்ச டீசல் வண்டியில ஒரு சின்னச் சக்கரம் வெளிக்காத்தை அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்ளும். அமுக்கினா காத்து சூடாயிடும். சூடான காத்து லேசாப் போயிடும், இஞ்சினுக்குப் பத்தாது. அதனால நடுவுல ஒரு அலுமினியப் பெட்டியை வச்சு, டீயை ஆத்துற மாதிரி அந்தக் காத்தை ஆத்தி அனுப்பணும். இவ்வளவுதான் சங்கதி. வண்டியோட வர்றது சின்னதா இருக்கும். அதைக் கழட்டிட்டுப் பெருசா ஒண்ணு செஞ்சு மாட்டுறதுதான் எங்க தொழில். நான் பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் படிச்சவ, படம் வரைஞ்சு கணக்குப் போடுவேன். அவரு வெட்டி, வெல்டு வைப்பாரு. போர்ட் பிளேர் ஷாதிபூர்ல எங்க வீட்டுக்குக் கீழேயே தகர ஷெட்டு.

எங்கப்பா ராமநாதபுரம் பக்கத்துலேர்ந்து கவர்மென்ட் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிட்டவர். எங்க வீட்டுக்காரர் தெற்கே இன்னொரு தீவுல இருக்கிற ஹட் பேக்காரர். இலங்கை மலைத் தோட்டத்துலேர்ந்து வந்து, எண்ணெய்ப்பனைத் தோட்டத்துல வேலை பார்த்த குடும்பம். "சுருக்கா வா புள்ள, சுருக்கா வா"ன்னு அவரு கூப்பிட்டா நான் வேணும்னே அன்னநடை நடப்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில. அவருக்குக் கோபமே வராது, அதுலயே எனக்கு இன்னும் கோபம் வரும். எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல. அப்பா மட்டும் கூட இருந்தாரு.

அப்பாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து படுக்கையாகி இருந்த நேரம் அது. அப்பத்தான் கோயம்புத்தூர்ல ஒரு பெரிய பட்டறையிலேர்ந்து எங்க வீட்டுக்காரரை வேலைக்குக் கூப்பிட்டாங்க. நல்ல வெல்டர், வந்துடுங்கன்னாங்க. மெயின்லேண்டுல வேலைன்னா இங்க எல்லாரும் வாயைப் பிளப்பாங்க. ஆனா அப்பாவை ஷிப்புல ஏத்த முடியாது, டாக்டர் அடிச்சுச் சொல்லிட்டாரு. நானும் நகர முடியாது. அவரு போனா தனியாத்தான் போகணும்.

"ஒரு வருஷம் பார்க்கலாம் புள்ள. நம்ம கூலர் இந்த ஊரு ரோட்டுல ஒரு வருஷம் தாங்கிட்டா, நான் எங்கயும் போகலை. இங்கேயே நம்ம ரெண்டு பேரும் பொழைச்சுக்கலாம்"னாரு. கோயம்புத்தூர்க்காரங்களும் சரின்னாங்க. அன்னைலேர்ந்து எனக்கு இன்டர்கூலர்ங்கிறது வெறும் அலுமினியம் இல்ல. அதுல ஒரு ஓட்டை விழுந்தா என் புருஷன் கப்பல் ஏறிடுவாரு.

மெயின்லேண்டுல செய்யிற கூலர் எல்லாம் ஹைவே காத்தை நம்பிச் செய்யிறது. நம்ம ஊர்ல டூரிஸ்ட் வண்டி எங்க ஓடுது? ஜிர்காடாங் செக்போஸ்டுல வரிசையா நின்னு, கேட்டைத் திறந்ததும் பழங்குடி ஆளுங்க இருக்கிற காட்டு வழியா, போலீஸ் காவலோட கன்வாயில ஒண்ணு பின்னால ஒண்ணா ஊர்ந்து போகணும். முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது. முன்னாடி வண்டி விடுற சூட்டையே பின்னாடி வண்டி குடிக்கும். வண்டி நிறைய ஆளு, ஃபுல் ஏசி, மேடு வேற. "காத்தே இல்லாத ரோட்டுக்கு ஒரு கூலர் வேணும்"னு நான் சொன்னேன். காத்து லேசா வந்தாலும் உள்ள நுழையிற மாதிரி, தகடுகளுக்கு நடுவுல இடைவெளி அதிகமா இருக்கிற உள்கூட்டை, அதைக் கோர்னு சொல்லுவோம், பிடிவாதமா மெயின்லேண்டுலேர்ந்து வரவழைச்சேன். பழைய ஏசி ஃபேன் ஒண்ணைத் தேடிப் பிடிச்சு முன்னாடி மாட்டினது அவரோட யோசனை.

சோதனை ஓட்டம் வண்டூர் ரோட்டுல. வண்டியில பாரம் வேணுமே, மணல் மூட்டைக்கு எங்க போறது? அக்கம்பக்கத்துப் பொம்பளைங்களை எல்லாம் ஏத்திக்கிட்டோம். "பீச்சுக்கு ஓசி சவாரி, ஆனா எடை குறைஞ்சவங்க வரக் கூடாது"ன்னு நான் சொன்னதுக்கு, எதிர்வீட்டுத் தெலுங்கக்கா ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா. கூலருக்குள்ள போற காத்தோட சூட்டை அளக்க ஒரு மீட்டர், வெளிய வர்ற காத்துக்கு ஒரு மீட்டர். அவரு ஓட்டுவாரு, நான் பக்கத்துல உட்கார்ந்து ரெண்டையும் கத்திச் சொல்லுவேன். பின்னாடி பொம்பளைங்க கச்சாமுச்சான்னு பேசிட்டு வருவாங்க. மேட்டுல ஏறுறப்ப உள்ள போறது நூத்தி முப்பதைத் தொட்டுச்சு, வெளிய வர்றது ஐம்பதைத் தாண்டவே இல்ல. அவரு கியரை மாத்துற சாக்குல என் முழங்காலை ஒரு தட்டு தட்டினாரு. அந்தத் தட்டு இன்னும் அங்கேயே இருக்கு எனக்கு.

முதல்ல செஞ்சது எல்லாம் மழைக்காலத்துல. மாட்டின டிரைவருங்க ஒருத்தன் விடாம வந்து புகழ்ந்தாங்க. "பாபி, காடி உட்தா ஹை," அண்ணி, வண்டி பறக்குதுன்னான் ஒரு பெங்காலிப் பையன். ஒருத்தன் சொல்லி ஒருத்தன் வந்து, மழை முடிஞ்சு வெயில் ஏறினப்போ ஷெட்டு வாசல்ல வண்டிங்க வரிசை கட்டி நின்னுச்சு. கோயம்புத்தூர் பேச்சே வீட்டுல இல்ல. நானும் வாயைத் திறக்கலை, கண்ணு பட்டுடும்னு பயம்.

வெயில்காலத்துல போர்ட் பிளேர்ல தண்ணிக்குப் படுற பாடு இங்க இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். பைப்புல மூணு நாளைக்கு ஒரு தரம், சில சமயம் நாலு நாளைக்கு ஒரு தரம். படுக்கையில இருக்கிற மனுஷனைத் துடைக்கணும், துணி அலசணும், விரிப்பு அலசணும். நான் தெருக்குழாயில சண்டை போட்டுப் பிடிச்சுக் குடம் குடமா மேட்டுக்குத் தூக்கிட்டு வருவேன். கூலர் செய்யிறதுக்கும் தண்ணி வேணும். வெல்டு முடிஞ்சதும் ரெண்டு வாயையும் அடைச்சு, உள்ள காத்தை ஏத்தி, தொட்டித் தண்ணியில முக்கிப் பார்க்கணும். குமிழி வந்தா கசியுதுன்னு அர்த்தம். மழைக்காலத்துல தகரத்துலேர்ந்து கொட்டுற தண்ணியே தொட்டியை நிரப்பிடும். வெயில்ல? ஒரு தரம் நானே அப்பாவுக்குன்னு வச்சிருந்த டிரம்மைக் காலி பண்ணி நிரப்பினேன். ரெண்டு கூலரை முக்கினதும் தண்ணியில எண்ணெய் மிதந்துச்சு. நான் அதையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு நின்னதை அவரு பார்த்துட்டாரு.

மறுநாள் வெள்ளனாவே ஜீப்பை எடுத்துட்டுப் போயி, கேன் கேனாக் கடல் தண்ணி கொண்டாந்து தொட்டியில ஊத்தினாரு. "அப்பாவைத் துடைக்கிற தண்ணியில நான் இரும்பை முக்கக் கூடாது புள்ள"ன்னாரு. இரும்பு இல்ல, அலுமினியம்னு நான் திருத்தினேன். உப்பாச்சேன்னு கேட்டதுக்கு, "டிங்கிப் படகு இஞ்சின் நாள் பூரா கடல் தண்ணியைத்தானே குடிச்சு ஓடுது? இது ரெண்டு நிமிஷ முழுக்கு. துடைச்சுட்டுக் காத்தடிச்சா காஞ்சிடும்"னாரு. எனக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு. இங்க யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாங்க. அன்னைக்கு எனக்கு அவரு மேல வந்த பிரியம் இருக்கே, கல்யாணத்தப்போகூட அவ்வளவு வரலை. அதுக்கப்புறம் அந்த வெயில் முழுக்கக் குடத்துத் தண்ணி ஒரு சொட்டு ஷெட்டுக்குப் போகலை.

அடுத்த மழை பிடிச்சப்போ முதல் வண்டி திரும்பி வந்துச்சு. இழுவையே இல்ல, கரும்புகையாக் கக்குதுன்னான் டிரைவர். கழட்டி முக்கிப் பார்த்தா, கீழ்வரிசையில உலை கொதிக்கிற மாதிரி குமிழி. ஒரு வெல்டுதான் விட்டிருக்கும்னு அவரு சமாதானம் சொன்னாரு. அப்புறம் ரெண்டாவது, மூணாவது. அதுக்கப்புறம் வரிசையா வந்தாங்க. புகழ்ந்த வாயெல்லாம் சும்மா இருக்குமா? "நாசமாப் போச்சு, கன்வாயில என் வண்டியால எல்லாரும் நின்னாங்க"ன்னு ஒருத்தன் தெருவே கேட்கக் கத்தினான். நானும் பதிலுக்குக் கத்தினேன். அவரு மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஸ்பேனரைத் தேடினாரு.

அவரு தன் கையைத்தான் சந்தேகப்பட்டாரு. சோறு பிசையிறப்பக்கூட விரலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாரு. "நடுங்குதா புள்ள? நல்லாப் பாரு, நடுங்குதா?"ன்னு கேட்பாரு. இல்லைங்கன்னா நம்ப மாட்டாரு. எனக்கு வருஷம் முடியப் போகுதேங்கிற பயம் ஒரு பக்கம், இந்த மனுஷன் கண்ணு முன்னாலயே உருகுறாரேங்கிற வேதனை ஒரு பக்கம். அப்பா படுத்துக்கிட்டே கோணின வாயால "மாப்ள சாப்ட்டாரா"ன்னு கேட்பாரு. அவருக்கும் ஏதோ புரிஞ்சிருக்கு.

ஒரு நாள் வண்டூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முதல் மழைக்காலத்துல எங்க கூலர் மாட்டின வண்டி ஒண்ணு அங்க நின்னுச்சு. எப்படி ஓடுதுன்னு கேட்டேன். "ஏக் தம் படியா," குறையே இல்லைன்னான். பட்டுப்புடவையோட குனிஞ்சு கிரில்லுக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கல்யாண வீட்டுக்காரங்க என்ன நினைச்சாங்களோ. கூலர் சுத்தமா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து யோசிச்சா, திரும்பி வந்தது அத்தனையும் வெயில்ல செஞ்சது. மழையில செஞ்சதுல ஒண்ணுகூட வரலை. ஷெட்டுல கிடந்த கோர்ல ஒண்ணைப் பிளந்து பார்த்தேன். தகடு மடிப்புக்குள்ள, துணியும் காத்தும் எட்டாத மூலையில, வெள்ளையாப் பூத்துக் கிடந்துச்சு. இந்த ஊரு ஈரத்துல அது காயவே இல்ல. உப்பு உள்ளேயே உட்கார்ந்து அரிச்சிருக்கு.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! அவரு கையில குத்தமே இல்ல! தடதடன்னு ஓடிப்போயி, "உங்க கை இல்லைங்க, தண்ணிங்க! அந்தக் கடல் தண்ணி! உங்க வெல்டு ஒண்ணுகூட விடலை, பாருங்க"ன்னு மூச்சு வாங்கக் காட்டினேன். இனிமே ஒரு பெரிய டேங்கு வச்சு மழைத்தண்ணியைச் சேர்த்துக்கலாம், எல்லாத்தையும் மாத்திக் குடுக்கலாம், ஆறு மாசத்துல பேரை மீட்டுடலாம்னு நிறுத்தாமப் பேசினேன். அவரு அந்தப் பிளந்த கோரைக் கையில வாங்கி, அந்த வெள்ளையை நகத்தால சுரண்டினாரு.

"என் கைன்னே விட்டிருக்கலாமே புள்ள"ன்னாரு.

எனக்குச் சுள்ளுன்னு ஏறிடுச்சு. "நான் என்ன பொய்யா சொல்றேன்? உண்மையைக் கண்டுபிடிச்சுச் சொன்னா இதுவா பேச்சு?"ன்னேன். அவரு கத்தலை. "கை கெட்டுப்போச்சுன்னா பழக்கிக்கலாம். நான் உனக்குன்னு பார்த்துச் செஞ்சது இது ஒண்ணுதான். அதுவே நம்மளைக் கெடுத்துடுச்சே"ன்னு சொல்லி, தொட்டியைக் கவிழ்த்து வச்சாரு. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவரு வந்து தேத்துவாருன்னு நினைச்சேன். வரலை.

கெட்டுப்போன கூலரை எல்லாம் கழட்டி, பழையதையே மாட்டிக் குடுத்தாரு. ஒருத்தர்கிட்டயும் தலை நிமிர்ந்து பேசலை. மழைத்தண்ணிக்கு நான் வாங்கின டேங்கை இறக்கி வைக்கக்கூட வரலை, நானும் தெலுங்கக்காவும்தான் உருட்டி வச்சோம். அது நிரம்பி வழிஞ்சப்போ அவரு கோயம்புத்தூருக்குப் போன் பண்ணிட்டாரு. ஹேடோ ஜெட்டியில ஷிப்பு ஏறுறப்போ, "அப்பாவைப் பார்த்துக்கோ, முடிஞ்சப்போ வந்துடு"ன்னாரு. முடிஞ்சப்போன்னா என்ன அர்த்தம்னு ரெண்டு பேருக்கும் தெரியும். வாயால சொல்லலை.

முதல்ல தினமும் பேசினாரு. பட்டறையில பெரிய பெரிய தொட்டி, ராத்திரி பகலா நல்ல தண்ணி கொட்டுதுன்னாரு. ஒவ்வொரு தடவையும் "எப்ப வர்றே?"ன்னு கேட்பாரு. அப்பா பக்கத்துலயே படுத்திருக்காரே, என்னன்னு பதில் சொல்றது? கொஞ்ச நாள்ல வாரத்துக்கு ஒரு தரம்னு ஆச்சு. அப்புறம் "சாப்பிட்டியா, அப்பா எப்படி"ன்னு ரெண்டு வார்த்தை. எப்ப வர்றேங்கிற கேள்வி எப்போ நின்னுச்சுன்னு எனக்கே தெரியலை.

அப்பா போயிட்டாரு. எங்க வீட்டுக்காரரு வர டிக்கெட் கிடைக்கலைன்னாரு. காரியம் எல்லாம் முடிஞ்சு வீடு வெறிச்சோடின அன்னைக்கு நானே கூப்பிட்டேன். "நான் வந்துடறேங்க. இனிமே என்னை இங்க பிடிச்சு வைக்க ஒருத்தரும் இல்ல. வீட்டை ஒழிச்சுட்டு அடுத்த ஷிப்புக்கே கிளம்பிடறேன்"னேன். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. லைன் போயிடுச்சோன்னு நினைச்சு, "என்னங்க, கேட்குதா?"ன்னேன்.

"கேட்குது. கொஞ்சம் பொறு புள்ள, நான் சொல்றேன்"னாரு.

எனக்கு எதுக்கெடுத்தாலும் கோபம் வரும். அதுக்கு மட்டும் வரலை. சரிங்கன்னு சொல்லி வச்சுட்டேன். சாமானை எல்லாம் அட்டைப்பெட்டியில கட்டியாச்சு. சமைக்கிறப்போ ஒரு பெட்டியைப் பிரிச்சுப் பாத்திரத்தை எடுத்துக்குவேன், கழுவித் துடைச்சு உள்ள வச்சு மறுபடியும் கட்டிடுவேன். பாதி அலுமினியம், பாதி சில்வர், எது எந்தப் பெட்டின்னு இப்ப மனப்பாடம். ரெண்டு மழைக்காலம் பெஞ்சு ஓய்ஞ்சிடுச்சு. அவரு இன்னும் சொல்லலை.